ஏழாயிரம் அடி உயரத்தில் அம்மாவின் சமையல் நோட்டு

2016 ஜூன் மாதம். பணிமாறுதல் கலந்தாய்வில் எனக்கு ஊட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி கிடைத்தது. மனைவிக்குத் திருநெல்வேலியில் வேலை. மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. தனியாகத்தான் மலையேறினேன். கிளம்பும்போது அம்மா அரிசி அளக்கும் ஒரு பித்தளை உழக்கையும் அவளுடைய சமையல் நோட்டையும் பையில் வைத்துக் கொடுத்தாள்.

192 பக்க நோட்டு அது. பாதிப் பக்கங்களில் அம்மாவின் கையெழுத்து. மீதியில் வார இதழ்களிலிருந்து வெட்டிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய குறிப்புகள், பக்கத்து வீட்டு அக்காமார் சொல்லக் கேட்டு எழுதியவை, கல்யாண வீட்டில் சமைக்கும் தவசுப்பிள்ளையிடம் விசாரித்து எழுதிய ஒரு சொதி. எண்ணெய் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆன பக்கங்கள்தான் அடிக்கடி சமைத்தவை என்று பார்த்தாலே தெரியும். மற்றவர்கள் எழுதிய குறிப்புகளை வாசித்து வாசித்தே அம்மா நாற்பது வருஷம் ஏழு பேருக்குச் சமைத்திருக்கிறாள். நானும் அப்படியே செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்தேன். நோட்டில் 'பருப்பை மஞ்சள்தூள், நல்லெண்ணெய் சேர்த்து மலர வேகவைக்கவும்' என்று இருந்தது. குக்கர் இன்னும் வாங்கவில்லை, சட்டியில் போட்டேன். ஊரில் அம்மா சட்டியில் முக்கால் மணி நேரத்தில் வேகவைப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒன்றரை மணி நேரம் ஆகியும் பருப்பு பல்லில் கடிபட்டது. கடைப் பருப்பு பழசு போல என்று நினைத்து, அடுத்த வாரம் வேறு கடையில் வாங்கினேன். அதுவும் வேகவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எய்யா, வேகுததுக்கு முன்னாலயே புளிய ஊத்திட்டியோ?"

"இல்லம்மா."

"உப்பு?"

"அதும் போடல."

"அப்பம் தண்ணிதான் சரியில்ல போல."

தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குக் கொதிநிலை பாடம் நடத்தத் தயாரித்துக்கொண்டிருந்த ஓர் இரவுதான் விஷயம் பிடிபட்டது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவிதான் அதிகமாகப் போகும். பருப்புக்கு அந்த ஏழெட்டு டிகிரி பெரிய விஷயம். குக்கரில்கூட வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் வெயிட் வேலை செய்கிறது. ஆகவே சமவெளியில் உள்ளே 121 டிகிரிக்குப் போகிற குக்கர் இங்கே நான்கு டிகிரி வரை குறைவாகத்தான் போகும். நாலு விசில் என்றால் இங்கே ஆறு. பருப்பைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு வைத்தால் ஐந்து போதும்.

அன்றைக்கு நோட்டைத் திறந்து, சாம்பார் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'ஊட்டி. சுடுதண்ணீரில் ஊறல். 5 விசில்.' அம்மாவின் நோட்டில் நான் எழுதிய முதல் வரி அதுதான்.

அதுவரை ஒரு குறிப்பு வரவில்லை என்றால் என் கைமேல் குறை, இல்லையென்றால் எழுதியவர் மேல் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை எழுதிய பிறகு குறிப்பை வாசிக்கும் விதமே எனக்கு மாறிப்போனது. ஒவ்வொரு குறிப்பும் ஓர் அடுப்படியில் பிறந்தது. அங்கே இருந்த உயரம், வெயில், அரிசி, பாத்திரம், சாப்பிட வந்த ஆட்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. எழுதியவருக்கு அவை கண்ணுக்குத் தெரியாது, அதனால் எழுதமாட்டார். அவற்றைக் கண்டுபிடிப்பது வாசிக்கிறவர் வேலை.

உழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டுக் கணக்கில் 8 ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி. நான் அந்தக் கணக்குப்படி தலைதட்டி அளந்தேன். சோறு ஒவ்வொரு தடவையும் குழைந்தது. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரிசியை உழக்கில் கோபுரமாகக் குவித்து அளந்தாள். தண்ணீரைக் குவிக்க முடியாது அல்லவா? அவள் கணக்கில் அரிசி கூடுதல், தண்ணீர் சரியளவு. நான் அரிசியைக் குறைத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றியிருக்கிறேன். நோட்டில் 'உழக்கு' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

இதேபோலத்தான் புளி. நெல்லிக்காயளவு, எலுமிச்சையளவு, கொட்டைப்பாக்களவு என்று எல்லாக் குறிப்பிலும் வரும். அம்மாவை ஒருநாள் மூன்று அளவிலும் புளி உருட்டித் தரச் சொல்லி, நகை நிறுக்கும் சின்னத் தராசில் நிறுத்தேன். எலுமிச்சையளவு 30 கிராம் வந்தது, நெல்லிக்காயளவு 15. இது எங்கள் வீட்டு அளவு, உங்கள் வீட்டில் வேறாக இருக்கும். உங்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோ ஒருமுறை உருட்டச் சொல்லி நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. பிறகு புதுப்புளி, பழம்புளி எது வந்தாலும் அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இட்லிக்கு வருகிறேன். ஊட்டியில் என்னை மிக அதிகம் அழவைத்தது அதுதான். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் என்பது அம்மாவின் கணக்கு. 'இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்' என்று எழுதியிருந்தாள். டிசம்பரில் புல்லின்மேல் உறைபனி படியும் ஊர் இது. காலையில் திறந்தால் மாவு முதல்நாள் இரவு இருந்த கோட்டிலேயே நிற்கும். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கு 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். என் அடுப்படி இரவில் 10 டிகிரிக்கு வந்துவிடும். இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். பொங்காமலே ஒரு மாதிரி வாடை அடித்தது. கீழே கொட்டினேன். சாப்பாட்டைக் கொட்டுவது எங்கள் வீட்டில் கிடையாது. அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வழி சொன்னவர் வீட்டுக்காரப் பாட்டி. நீலகிரியில் வாழும் படகர் இனத்தவர். கொட்டுவதைப் பார்த்துவிட்டு, "மாவுக்கும் குளிரும்ல சார்" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் வாளியும் பழைய கம்பளியும் கொண்டுவந்தார். வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதில் கழுத்துவரை இறக்கி, வாளியையே கம்பளியால் சுற்றி வைக்கச் சொன்னார். படுக்கப் போகும்முன் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், விடிகாலை எழுந்ததும் ஒருமுறை. 16 மணி நேரத்தில் மாவு பொங்கியது.

பிறகு ஒவ்வொன்றாக நானே சேர்த்துக்கொண்டேன். அரிசியும் உளுந்தும் ஊறுவதற்கே வெதுவெதுப்பான தண்ணீர். அரைக்கும்போதும் அதே. உப்பைக் கரைக்கும்போது போடாமல், பொங்கிய பிறகு போடுவது, ஏனென்றால் உப்பு புளிப்பை மந்தப்படுத்தும். வெந்தயம் ஒன்றரை டீஸ்பூன். கிரைண்டர் இல்லாமல் மிக்ஸியில் அரைத்ததால் உளுந்து அவ்வளவு உபரி காணாது, அதனால் நாலுக்கு ஒன்று என்பதை மூன்றுக்கு ஒன்று ஆக்கினேன். ஆவியும் இங்கே சூடு குறைவுதானே, ஊரில் 10 நிமிஷம் வேகும் இட்லியை இங்கே 14 நிமிஷம் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான். மூன்றை ஒரே நாளில் மாற்றி நன்றாக வந்துவிட்டால், எதனால் வந்தது என்று தெரியாமலே போய்விடும். கெட்டுப்போனாலும் அதே கதைதான்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. புதுக் குறிப்பு எதுவானாலும் முதல் தடவை எழுதியபடியே சமைப்பேன், பிடிக்காத பொருள் இருந்தாலும் சரி. எழுதியவர் எங்கே கொண்டுபோகிறார் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை ஒன்றே ஒன்றை மாற்றுவேன். மூன்றாம் தடவைக்குள் அது நம் வீட்டுச் சமையல் ஆகிவிடும், அல்லது நமக்கு ஆகாது என்று தெரிந்துவிடும். மூன்று தடவையிலும் தேதி போட்டு ஓரத்தில் எழுதிவைப்பேன்.

என்ன சமைப்பது என்ற கேள்விக்கு வருவோம். பள்ளி விட்டு ஐந்தரை மணிக்கு வீடு திரும்பும்போது மலையில் இருட்டத் தொடங்கிவிடும். பசியோடு நோட்டைப் புரட்டினால் ஒன்றும் ஓடாது. 'வத்தக்குழம்பு' என்ற தலைப்பைப் பார்த்தால் வத்தல் இல்லை, 'கீரைத்தண்டு சாம்பார்' என்றால் கீரை இல்லை. சில மாதம் இப்படியே கழிந்து, தயிர்சாதமும் ஊறுகாயுமே கதியாக இருந்தது. குறிப்புகள் பதார்த்தத்தின் பெயரால் வரிசையாக இருக்கின்றன, என் கையில் இருப்பதோ காய். அங்கேதான் இடித்தது. ஒரு மழை லீவில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் காய்வாரியாக ஓர் அட்டவணை எழுதினேன். முட்டைக்கோஸ் என்று போட்டு அதற்கு நேரே கூட்டு, பொரியல், பருப்புசிலி, பக்கம் எண்கள். கேரட், பீன்ஸ், பீட்ரூட், நூக்கல் என்று நீண்டது.

அதன்பிறகு சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் பட்டியல் எழுதாமல் போனேன். அன்றைக்கு எது புதுசாக வந்து குவிந்து கிடக்கிறதோ, விலையும் இறங்கியிருக்கிறதோ, அதில் இரண்டு காய் நிறைய வாங்குவேன். வீட்டுக்கு வந்து அட்டவணையைப் பார்த்து வாரம் முழுவதும் என்ன என்று முடிவு செய்வேன். நீலகிரியில் இந்த முறை நன்றாகவே நடக்கும். ஊட்டியை உருவாக்கிய வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்திலிருந்து இருநூறு வருஷமாகக் கேரட்டும் உருளைக்கிழங்கும் கோஸும் விளையும் மண். செடியிலிருந்து அன்று காலை பறித்த பட்டாணியையும், உரிக்காத பட்டர் பீன்ஸையும் நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். அந்தப் பட்டர் பீன்ஸைப் போட்டு அம்மாவின் புளிக்குழம்பு வைத்தால், சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயும் சேர்ந்து, மழை கொட்டுகிற சாயங்காலத்தில் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நோட்டில் இல்லாத காய்களும் வந்தன. சௌசௌவை அங்கே மேராக்காய் என்பார்கள், வீட்டுக்கு வீடு கொடி ஓடும். பாட்டி வாரம் இரண்டு கொடுத்துவிடுவார். அம்மாவின் நோட்டில் அதற்குக் குறிப்பே இல்லை. சுரைக்காய்க் கூட்டு செய்முறையில் போட்டுப் பார்த்தேன், அப்படியே பொருந்தியது. இரண்டும் நீர்க்காய், இரண்டும் மணம் குறைந்த காய். ஒரு காய்க்குப் பதில் இன்னொன்று போடும்போது பெயரையோ நிறத்தையோ பார்க்காமல் அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் வேகும் என்று பாருங்கள். அது ஒத்துப்போனால் பெரும்பாலும் குறிப்பு கைவிடாது. பீட்ரூட்டைப் போட்டு அவியல் செய்து பார்த்தேன். சட்டி முழுக்கச் சிவந்து, தயிர் சேர்த்த பிறகு இனிப்பும் புளிப்பும் ஒட்டவே இல்லை.

பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார், கோயம்புத்தூர்க்காரர். அவர் டிபன்பாக்ஸைத் திறந்தால் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பூண்டும் சீரகமும் மணக்கும். அரிசிம்பருப்பு சாதம். கேட்டதும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், கடைசியில் நெய். "தண்ணி மட்டும் உங்க குக்கரப் பாத்து ஊத்துங்க சார், என் குக்கர் வேற உங்க குக்கர் வேறங்க" என்றார். குறிப்பு எழுதுகிறவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நேர்மையான வார்த்தை அது. இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரே குக்கரில் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். அந்தக் குளிருக்கு வாரம் இரண்டு தடவை அதுதான்.

நிறையப் பேரிடம் குறிப்பு வாங்கிச் சேர்த்த காலமும் உண்டு. எல்லாம் பையில் கிடந்தன, ஒன்றையும் சமைக்கவில்லை. கடைசியில் மூன்று பேர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்: அம்மா, கணக்கு டீச்சர், வீட்டுக்காரப் பாட்டி. இவர்கள் 'கொஞ்சம் காரம்' என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அம்மாவின் கொஞ்சம் எனக்குச் சரி. டீச்சரின் கொஞ்சத்தைக் கால்பங்கு கூட்ட வேண்டும். பாட்டி உருளைக்கிழங்கும் அவரையும் போட்டு வைக்கும் 'உதக்க' என்ற குழம்பில் கொஞ்சம் என்றால் கண்ணில் தண்ணீர் வரும், ராகிக் களியோடு சேர்த்தால்தான் அது அடங்கும். ஒருவர் எழுதிய ஐந்து பதார்த்தங்களைச் சமைத்த பிறகு அவருடைய ஆறாவது குறிப்பைச் சமைக்காமலே ருசி பார்க்கலாம். ஐம்பது பேரிடம் ஒவ்வொன்று வாங்கினால் இது நடக்காது.

சொதியைச் சொல்லாமல் முடித்தால் அம்மா வருத்தப்படுவாள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுவீட்டு விருந்தில் சொதிதான். பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முருங்கைக்காய், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது, தேங்காய்ப்பால், இறக்கியதும் எலுமிச்சம்பழம். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். 2017 மே மாதம் மனைவியும் மகளும் முதன்முறையாக மலைக்கு வந்தார்கள். முருங்கைக்காய் தவிர மீதிக் காய் எல்லாம் அந்த மண்ணில் விளைந்தவை, இதைவிட நல்ல சொதி எங்கே வைக்க முடியும் என்று ஆசையாக ஆரம்பித்தேன்.

தேங்காய்ப்பால் எடுத்தேன். மிக்ஸிக்குள் வெள்ளை வெள்ளையாகச் சின்ன உருண்டைகள் மிதந்தன. பால் திரிந்துவிட்டது என்று பயந்து, இன்னொரு தேங்காயை உடைத்தேன். அதுவும் அப்படியே. மனைவி வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, இது திரியல. உங்க தேங்காயெண்ண பாட்டில் மாதிரி உறைஞ்சிருக்கு."

அவள் சொன்னது சரி. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிவிடும். குளிர்ந்த தேங்காயைக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அரைத்தால் பாலில் இருக்கும் எண்ணெய்ச் சத்து கட்டிகட்டியாகப் பிரியும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மறுபடி அரைத்தாள், பால் வெல்வெட் மாதிரி வந்தது. இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காயை வேகவைத்து, முதல் பாலை அடுப்பை அணைக்கிறதுக்குச் சற்று முன்னால் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கினோம். முதல் பாலைக் கொதிக்கவிட்டால்தான் உண்மையில் திரியும். எலுமிச்சையும் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். மகளுக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டினோம். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டாள். நோட்டில் சொதிப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் கறை அன்றைக்கு அவள் கையிலிருந்து பட்டது.

ஐந்து வருஷம் கழித்து, 2021இல் திருநெல்வேலிக்கே மாறுதல் கிடைத்தது. வந்த முதல் வாரம் இட்லிக்கு நான்தான் அரைத்தேன். பழக்க தோஷத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், உப்பு போடாமல், மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அடிக்கிற வெயிலுக்கு விடிகிறதுக்குள் மாவு பாத்திரத்திலிருந்து வழிந்து மேடையெல்லாம் ஓடியிருந்தது, மூக்கைத் துளைக்கும் புளிப்பு. தோசைக்குக்கூட ஆகவில்லை. உளுந்தஞ்சோற்றிலும் அப்படித்தான். 2 உழக்கு அரிசி, 1 உழக்கு தொலி உளுந்து, 7 உழக்கு தண்ணீர் என்று அம்மா எழுதியிருந்ததை ஊட்டியில் 8 ஆக்கி வைத்திருந்தேன். இங்கே 8 ஊற்றினால் கஞ்சி. என் பென்சில் வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அழிக்கவில்லை, பக்கத்தில் 'நெல்லை' என்று எழுதி இன்னொரு வரி சேர்த்தேன்.

சென்ற மாதம் அதே பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி போன் செய்தார், ராமநாதபுரம் பக்கம். பருப்பு வேகவில்லையாம், இட்லி கல்லாக இருக்கிறதாம். யாரோ என் நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவதற்குப் பதிலாக, உட்கார்ந்து புதிதாக எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு தாளிலும் பதார்த்தத்தின் பெயருக்கு மேலே இப்படி ஒரு வரி:

'ஊட்டி, 2,240 மீட்டர். ஜனவரி. இரவு அடுப்படி 10 டிகிரி. 3 லிட்டர் குக்கர். ஒரு ஆள், நல்ல பசி. உழக்கு: கோபுரமாக.'